பித்தப்பைக் கல்: பினாங்கு நாட்குறிப்பு, ஜனவரி முதல் மார்ச் 2025 வரை

ஜனவரி 20, திங்கள்

எங்கள் கூட்டாளி (நண்பர்) ஒருவருக்கு 52 வயது. இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டு மாதத்தில் மூன்று முறை 'கேஸ்ட்ரிக்' என்று கிளினிக்கில் மருந்து வாங்கியாயிற்று. மூன்றும் நாசி கண்டார் (பல குழம்பு ஊற்றிய சோறு) சாப்பிட்ட இரவுகளில் வந்த வலி. வலது விலா எலும்புக்குக் கீழே தொடங்கி, வலது தோள்பட்டை எலும்பு வரை போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் பிடித்தது. பித்தப்பை வலி இப்படித்தான் வரும். ஆனால் இனிப்புநீர் உள்ள 50 வயதுக்காரர் மேல்வயிறு வலிக்கிறது என்றால் முதலில் இசிஜி எடுக்க வேண்டும். மாரடைப்பும் இதே வேஷம் போடும்.

இன்று ஸ்கேன். 6 மணி நேரமாவது வெறும் வயிறாகப் போக வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் சரியாகத் தெரியாது. ரிப்போர்ட்டில் பல சிறு கற்கள். சுவர் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள், பித்தநாளம் வீங்கவில்லை. "சின்னக் கல்தானே" என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். பெரிய கல் பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடக்கும். சின்னது நழுவி நாளத்தில் அடைத்தால் மஞ்சள் காமாலையோ கணைய வீக்கமோ வரும்.

ஜனவரி 26, ஞாயிறு

பித்தப்பையை எடுக்கும் அறுவைக்காக மருந்துப் பட்டியல் எழுதும் நாள். வீட்டில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டினோம்: இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின், எம்பாகிளிஃப்ளோசின்; இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அவற்றோடு யாரும் மருந்தாக எண்ணாத மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நேரடி விற்பனைக்காரர் கொடுத்த ஏதோ வேர்ப்பொடி. கடைசி மூன்றையும் இன்றோடு நிறுத்தியாயிற்று. பூண்டு, கிங்கோ போன்றவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். வேர்ப்பொடியில் என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியாது. பெயர், மில்லிகிராம், நேரம் என மூன்று பத்தியில் எழுதிப் படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டோம். மயக்க மருந்து டாக்டர் கேட்கும்போது "வெள்ளை மாத்திரை, சின்னது" என்பது பதிலாகாது.

பிப்ரவரி 5, புதன்

மருத்துவமனையிலிருந்து அழைப்பு. யாரோ தள்ளிப்போட்டதால் 20ஆம் தேதி அறுவைக்கு இடம் காலி. அரசு மருத்துவமனையில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 04 என்று தொடங்கும் தெரியாத எண்ணை மோசடிக்காரன் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். இவரும் வெட்டிவிட்டார். இரண்டாவது தொடர்பு எண்ணாக ஒரு கூட்டாளியின் எண்ணைக் கொடுத்திருந்ததால் தப்பித்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் காகிதம்: மைகாட் (அடையாள அட்டை), பழைய ரிப்போர்ட், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), முதலாளிக்குக் கடிதம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 5 ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்குச் சாதாரண நோய் விடுப்பு 22 நாள், மருத்துவமனை விடுப்பு 60 நாள். இரண்டும் தனித்தனிக் கணக்கு. இன்னொருவர் கார். மூன்றாமவர் நோயாளியின் மனைவி அண்ணிக்குத் துணையாக முதல் இரண்டு இரவு. "எதுனாலும் சொல்லுங்க" என்கிற பத்துப் பேரைவிட, வியாழக்கிழமை ஆறரைக்கு வந்து நிற்பவர் ஒருவர் போதும். ஒப்புதல் தாளில் கையெழுத்து நோயாளியுடையது. வாரிசு (நெருங்கிய உறவினர்) என்ற இடத்தில் அண்ணி பெயர். கூட்டாளி எத்தனை வருடப் பழக்கமானாலும் அந்தக் கட்டத்தில் அவருக்கு இடமில்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இந்த வருடம் அவர் காவடி எடுக்கவில்லை. அண்ணி பால்குடம் எடுத்தார். "விரதத்தை ஒழுங்கா இருந்திருந்தா கல்லு கரைஞ்சிருக்கும்" என்றார் ஒரு பெரியவர். மன்னிக்கவும் ஐயா, நேர்மாறு. நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் பித்தப்பை சுருங்காது, பித்தம் தேங்கிக் கெட்டியாகும். வேகமாக எடை குறைத்தாலும் கல் சேரும். பக்தியைக் குறை சொல்லவில்லை. பித்தப்பைக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மயக்க மருந்து கிளினிக்கில் சொன்னபடி, எம்பாகிளிஃப்ளோசின் இன்றோடு சரி. அறுவைக்கு முந்தைய 3 நாள் கிடையாது. சாப்பிடாமல் இருக்கும்போது இந்த வகை மாத்திரை உடலில் இருந்தால் இரத்தம் அமிலமாகலாம். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மெட்ஃபார்மின் அறுவை நாள் காலையில் மட்டும் இல்லை. இரத்த அழுத்த மாத்திரை ஒரு வாய்த் தண்ணீரில் உண்டு. இது இவருக்குச் சொன்னது. உங்கள் பட்டியலை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

குறட்டையையும் சொல்லிவிட்டோம். அவருக்கு வெட்கம். தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கு அபின் வகை வலி மருந்து ஆபத்து. அதை அவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

வார்டில் சேர்ந்தாயிற்று. வீட்டிலேயே செய்தது: தொப்புளைப் பேபி ஆயில் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்தல். கேமரா நுழைவது தொப்புள் ஓரமாகத்தான், அங்கே வருடக்கணக்கில் அழுக்கு. அரைஞாண் வெள்ளிக்கொடி, மோதிரம் கழற்றல்; மின்சாரத்தால் இரத்தக்குழாயைச் சுடும்போது உலோகம் பட்ட தோல் புண்ணாகலாம். கழற்றினால் ஆகாது என்று அம்மா காலத்துச் சொல் இருந்தால், மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டு தாதியிடம் சொல்லிவிடுங்கள், டேப் ஒட்டித் தருவார்கள்.

சாப்பாடு நள்ளிரவோடு முடிவு. தெளிந்த தண்ணீர் அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை பொதுவான கணக்கு. வார்டு சொன்ன நேரமே செல்லும். பால் சேர்ந்த மைலோவும் தே தாரேக்கும் (ஆற்றிய பால் தேநீர்) தண்ணீர்க் கணக்கில் வராது. பக்கத்துக் கட்டில்காரர் காலை 6 மணிக்கு அரைக் குவளை மைலோ குடித்து வரிசையிலிருந்து தள்ளப்பட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

உள்ளே போனது 8.40. வயிற்றில் நான்கு சிறு துளை, 5 முதல் 12 மில்லிமீட்டர். கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, பித்தப்பையின் நாளத்துக்கும் தமனிக்கும் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து உரித்துத் தொப்புள் வழியாக எடுப்பார்கள். அறுவை மட்டும் ஒரு மணி நேரம் போல. மயக்கம் கொடுப்பது, தெளிவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் வெளியே உட்காரத் தயாராக இருங்கள். வீக்கமும் ஒட்டலும் அதிகமிருந்து நாளம் எது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறப்பார்கள். அது தோல்வியல்ல. தெரியாமல் வெட்டுவதுதான் தோல்வி.

12.50க்கு வெளியே. இரவில் வயிற்றைவிட வலது தோள் வலித்தது. மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது; அந்த நரம்பு கழுத்திலிருந்து வருவதால் மூளை அதைத் தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது. எழுந்து நடந்தால் குறையும். இரவுத் துணைக்கு உண்மையான வேலை இரண்டே: தாதியிடம் கேட்டுவிட்டு முதல் முறை கட்டிலோரம் உட்காரவைத்து நிற்கவைப்பது, 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சிறுநீர் போனதா என்று கவனிப்பது. போகாவிட்டால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

வீட்டுக்கு. சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே மடித்த துண்டு. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவர் நம் பாட்டனைக் கூப்பிட்டார். பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல். சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும், சேர்த்துக் கணக்கிடுங்கள். வாசலில் எட்டுப் பேர் பழத்தோடு. ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டோம், இருவருக்குக் கோபம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சாப்பாட்டுச் சண்டை. அண்ணி கஞ்சி மட்டும் என்கிறார். அவர் சுவரைப் பார்க்கிறார். பை போனாலும் கல்லீரல் பித்தம் சுரக்கும்; சேர்த்துவைக்க இடமில்லாததால் சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு இறங்கும். ஆகவே ஒரே தட்டில் நிறையக் கொழுப்பு வந்தால் வயிற்றோட்டம் வரலாம். இட்லி, ரசம் சோறு, வேகவைத்த மீன், தோலில்லாத கோழி என்று சிறிது சிறிதாக 5 வேளை. ஹாருவான் (விரால்) மீன் சூப் கொண்டுவந்தார்கள், நல்லது, மீன்தானே. ஹாருவான் மாத்திரைக்கு டாக்டரைக் கேட்க வேண்டும்.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியது: 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, கண் மஞ்சள், தேநீர் நிறச் சிறுநீர், வெளிறிய மலம், ஒரு கால் மட்டும் வீக்கம். எதுவானாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவு. பித்தம் கசிந்தால் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தெரியும்; அப்போது பலர் அதை "வாயு" என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள்.

மார்ச் 6, வியாழன்

தையல் காய்ந்துவிட்டது. நோன்பு மாதம், கார் ஓட்டும் கூட்டாளி நோன்பு திறந்த பிறகுதான் வருகிறார், கையில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. தேங்காய்ப்பாலும் இறைச்சியும் உண்டு. "அரைக் கிண்ணம்தான்டா" என்று அவரே அளந்து ஊற்றினார்.

இன்று ஒரு தவறு. கேஸ் தீர்ந்துபோக, யாருமில்லாத நேரத்தில் நோயாளியே தோங்கை (கேஸ் சிலிண்டரை) நகர்த்தப் பார்த்திருக்கிறார். உள்ளே கேஸ் மட்டுமே 14 கிலோ, இரும்பு தனி. இவருக்குச் சொன்ன அளவு: 4 வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தொப்புள் துளை வழியாகக் குடலிறக்கம் வருவது இப்படித்தான். வலி இல்லை, புடைப்பு இல்லை. படுக்கவைத்தும் இருமவைத்தும் பார்த்தோம்.

மார்ச் 20, வியாழன்

எடுத்த பித்தப்பையின் திசுப் பரிசோதனை முடிவு வந்தது: நாள்பட்ட அழற்சி, வேறொன்றுமில்லை. கேட்டு வாங்க வேண்டிய தாள் இது, தானாக வீட்டுக்கு வராது. இரண்டு நகல்: ஒன்று கோப்பில், ஒன்று புலனத்தில். பை இல்லாவிட்டாலும் நாளத்தில் கல் பின்னால் தென்படலாம். அப்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு இந்தத் தாள் பதில். எம்பாகிளிஃப்ளோசின் டாக்டர் சொன்ன நாளிலிருந்து மறுபடி ஓடுகிறது. புது கேஸ் தோங்கைக் கடைப்பையன் அடுப்படி வரை கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான்.