ஆங்கில வகுப்பில் பாம்பன் பாலம்

நம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர்களுள், பத்தாம் வகுப்பில் எங்களுக்குச் செயப்பாட்டுவினையைப் புரியவைத்த ஆசிரியரை இந்த மலரில் நினைவுகூர விரும்புகிறேன். செய்வினை வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதும் பயிற்சியோடு அவர் நிறைவடைந்ததில்லை. "செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் சொல்லத் தேவையில்லாதபோதும்தான் இந்த வடிவம் வேண்டியிருக்கிறது, தம்பி" என்பார். எடுத்துக்காட்டுகளை நம் கடற்கரையிலிருந்தே எடுப்பார்.

1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது, வகுப்பில் பலர் 'தனுஷ்கோடி டிஸ்ட்ராய்ட் இன் 1964' என்றே எழுதியிருந்தார்கள். அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல், அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, நடுவே 'வாஸ்' என்ற சொல்லை மட்டும் சிவப்புச் சாக்பீஸால் சேர்த்தார். அழிதல் என்றும் அழித்தல் என்றும் தமிழில் தன்வினையும் பிறவினையும் தனித்தனியே இருப்பதால், 'ஊர் அழிந்தது' என்றாலே நமக்குப் பொருள் நிறைவாகிவிடுகிறது. 'அழிக்கப்பட்டது' என்று பேச்சில் நாம் சொல்வதே அரிது. ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ராய்' பிறவினை மட்டுமே ஆகையால், 'வாஸ்' விடுபட்டால் தனுஷ்கோடி வேறெதையோ அழித்தது போலாகிவிடும் என்று அவர் விளக்கினார். இத்தனை தெளிவான இலக்கண விளக்கத்தை அதன் பிறகு நான் எங்கும் கேட்டதில்லை.

'ரைஸ்', 'ரெய்ஸ்' என்ற இரண்டையும் பிரித்துக் காட்ட அவருக்குப் பாம்பன் பாலமே போதுமானதாக இருந்தது. கடல் தானாக எழும்பியது. ஆகவே 'தி சீ ரோஸ்'. 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் நடுப்பகுதியோ, கப்பல் வரும்போதெல்லாம் தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் தள்ளித் தூக்கியது. ஆகவே 'தி ஸ்பேன் வாஸ் ரெய்ஸ்ட்'. தானாக நிகழ்வதற்குச் செயப்பாட்டுவினை கிடையாது என்பதால், 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்' என்று எழுதுவதும் தவறே. நாம் 'வலை களவுபோயிற்று' என்பதை ஆங்கிலத்தில் 'தி நெட் வாஸ் ஸ்டோலன்' என்றும், வலையைப் பறிகொடுத்தவரை 'ராப்ட்' என்றும் சொல்ல வேண்டும். களவுபோன பொருளுக்கு 'ஸ்டீல்', பறிகொடுத்த ஆளுக்கு 'ராப்'.

வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் சரக்குச் சேத அறிக்கை எழுதுவதே இன்று என் வேலை. சேதத்தை உண்டாக்கியவர் யாரென்று உறுதியாகும்வரை எவர்மீதும் பழி விழாதபடி 'த்ரீ கார்ட்டன்ஸ் வேர் ஃபவுண்ட் வெட்' என்று எழுதும்போதெல்லாம், செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத இடம் எதுவென்று அவர் அன்று காட்டியது கைகொடுக்கிறது.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி மின்மோட்டாரால் நேராக மேலேறுகிறது. செய்தவரைக் காட்டும் 'பை' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் தொழிலாளர்களை எழுதுவதா, மோட்டாரை எழுதுவதா, இரண்டையும் விட்டுவிடுவதா என்று இன்றைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழகுவதற்கு, நம் கரையின் எடுத்துக்காட்டுகளைக் கொண்ட பயிற்சித் தாள்களை நம் முன்னாள் மாணவர் சங்கம் அச்சிட்டுப் பள்ளிக்கு வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். வாக்கியங்களைத் தொகுத்துத் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.