மூன்று உயிரியல் பூங்காக்கள், என் வரிசைப்படி

முதலிடம் மாமல்லபுரம் அருகே உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு. 1976-இல் தொடங்கியது, திங்கள் விடுமுறை. நண்பகலில் முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பொம்மை என்று நினைத்துக் கல்லெறிபவர்களைத் தயவுசெய்து தடுங்கள். கூரிய நீண்ட மூக்குள்ள கங்கை முதலையைத் தவறவிடாதீர்கள். மீன் பிடிக்கவே அமைந்த தாடை அது.

அடுத்தது மைசூரு. 1892-இல் தொடங்கியது, மரநிழல் நிறைந்தது. கொரில்லா பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

வண்டலூர் மூன்றாவது. 602 ஹெக்டேர் பரப்பு. குழந்தைகளோடு நடந்தே சுற்ற முடியாது, பேட்டரி வண்டிச் சீட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் புலி புதருக்குள் போய்விடும், ஆகவே காலையிலேயே நுழையுங்கள். மைசூருக்கும் வண்டலூருக்கும் செவ்வாய் விடுமுறை.