எண்ணெய் எங்கிருந்து வருது

மார்ச் 2
காலையில் அம்பாசிடர் ஸ்டார்ட் ஆச்சு. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதப்போ, நிக்கலை. உடம்பெல்லாம் உதறி உதறி அணைஞ்சு போகுது.

மார்ச் 3
அடியில் விரிச்ச அட்டையில் மறுபடியும் எண்ணெய். என்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற கிளட்ச் ஹவுசிங்கின் அடி ஓட்டையில் தொங்குற கோட்டர் பின் (ரெண்டா மடிச்ச கம்பி) முனையிலிருந்து சொட்டுது. மெக்கானிக் அண்ணன் குனிஞ்சுகூடப் பார்க்கலை. "என்ஜினோட பின்பக்க சீல் போச்சு தம்பி, என்ஜினை இறக்கணும்." இறக்கினா எப்போ ஏறும்? அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து 20ஆம் தேதி வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்காங்க. வந்தா அம்பாசிடர்லதான் வருவாராம்.

ராத்திரி தூக்கம் வரலை. இந்த 1489 சிசி என்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் என்ற சுழல்தண்டில் வெட்டின மரைதான் எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளணும். உள்ளே அழுத்தம் ஏறினா அது தாங்காது. அழுத்தம் ஏன் ஏறுது என்று பார்க்காம எதை இறக்குறது?

மார்ச் 4
கம்பி முனையில் பஞ்சு சுற்றி அந்த ஓட்டைக்குள் விட்டேன். காய்ஞ்ச தூசிதான் ஒட்டி வந்தது. கோட்டர் பின்னின் வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சிருக்கு. எண்ணெய் மேலே எங்கேயோ கசிஞ்சு பின்னால ஓடி வருது. இறக்க விடமாட்டேன்.

மார்ச் 5
வண்டியைத் தொடலை. நாள் முழுக்க வார்டு வாசல். அப்பா கண்ணைத் திறந்ததும், "மிஸ்ஸிங் நின்னுச்சா?" என்ஜின் உதறுறதைத்தான் கேட்கிறார்.

மார்ச் 7
பிளக் ஒயரை ஒவ்வொண்ணாக் கழற்றிப் பார்த்தேன். 1, 2 கழற்றினா என்ஜின் உடனே படுத்துடுது. 3, 4 கழற்றினா சத்தம் அப்படியேதான் இருக்கு. முன் ரெண்டு பிளக்கும் நல்ல பழுப்பு, பின் ரெண்டும் வெளுத்துக் கிடக்கு. நாலு பிளக்குக்கும் பொதுவான பாயிண்டோ கண்டன்சரோ கெட்டிருந்தா நாலும் சேர்ந்து திணறும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டு என்றதும் வயிறு கலங்கிடுச்சு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் அந்த ரெண்டுக்கும் நடுவில் போயிருந்தா? சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கி வெச்சேன்: 120, 115, 118, 115. நாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்பாடா.

மார்ச் 8
3, 4 ரெண்டுக்கும் ஹெட்டில் காத்தும் பெட்ரோலும் நுழையுற இன்டேக் வழி ஒண்ணுதான். சூடேறுறதுக்குள்ள, அதைக் கொண்டு வர்ற மேனிஃபோல்டு குழாய் ஹெட்டோட சேருற இடத்தில் தண்ணி ஸ்பிரே பண்ணேன். பின் முனையில் பட்டதும் உதறல் நின்னு, தண்ணி உறிஞ்சினதும் திரும்ப வந்தது. கள்ளக்காத்து அங்கேதான் நுழையுது. அஞ்சாறு தரம் அடிச்சு அடிச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

மார்ச் 9
அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட் வரலை.

மார்ச் 10
என்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காயவிட்டு, பிளாக் முழுக்க டால்கம் பவுடர் தூவினேன். கிண்டி வரைக்கும் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சா, மேனிஃபோல்டுக்குக் கீழே, டேப்பட்டை (வால்வைத் தள்ளுற பாகம்) மூடுற சைடு கவர் ரெண்டில் பின்பக்கக் கவரின் கீழ் விளிம்பிலிருந்து விரல் அகலத்துக்கு ஈரக்கோடு. பிளாக்கை ஒட்டியே சரிஞ்சு ஹவுசிங் வரை போகுது. அந்தக் கவரைக் கழற்றணும்னா மேனிஃபோல்டு வந்தே ஆகணும். ரெண்டு வேலையும் ஒரே இடத்தில்!

மார்ச் 11
ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் சைடு கவருக்குக் கார்க் பேக்கிங்கும் கிடைச்சது. கடைக்காரர் நம்பர் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். அப்பாவுக்குக் காட்டினேன். விரலால் வளைச்சுப் பார்த்து, "உடையலை, நல்ல கார்க்" என்றார். அதுக்கே மூச்சு வாங்குது.

மார்ச் 13
கழற்றியாச்சு. முன் கவரில் இருக்கிற, உள்ளழுத்தத்தை வெளியே விடுற பிரீதர் குழாய் கரிச்சேறால் முழுசா அடைச்சிருந்தது. ஊதினா காத்தே போகலை. உள்ளழுத்தம் எல்லாம் அந்தப் பழைய கார்க்கைத்தான் தள்ளியிருக்கு. யாரோ கவரின் நடு போல்ட்டை வெறிகொண்டு முறுக்கி விளிம்பை வளைச்சும் வெச்சிருக்காங்க. பலகையில் வெச்சு மெதுவாத் தட்டி நேராக்கினேன்.

மார்ச் 14
20ஆம் தேதி இல்லையாம். தேதி சொல்ல மாட்டேங்கிறாங்க.

மார்ச் 16
மாட்டியாச்சு. ஐடில் நிக்குது. ஃபோனை பானெட் பக்கம் பிடிச்சு அப்பாவுக்குக் கேட்க வெச்சேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "டேப்பட் சத்தம் கேக்குதே, கேப் பாருடா." அந்த இடைவெளியை அளக்கிற கேஜ் கொண்டு வரணும். மேனிஃபோல்டு நட்டையும் ஆறினதும் இன்னொரு தரம் முறுக்கணும்.