முட்டிடிச்சான் பாறையில் ஒரு கை தண்ணீர்

பாறையில் இருக்கும் அந்தக் குழி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சிறு வயதிலிருந்து கேட்ட கதை. கன்னியாகுமரி மாவட்டத்துப் புலியூர்குறிச்சியில் புனித தேவசகாயம் சங்கிலியோடு நடத்திச் செல்லப்பட்டபோது தாகம் தாங்காமல் ஜெபித்து, முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது. விவிலியத்தில் மோசே கோலால் தட்டியதும் ஓடிவந்த ஆறு போல ஒன்றை மனதில் வைத்திருந்தேன். இங்கே இருந்தது ஒரு கை அளவு தண்ணீர். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி அதை மொண்டு என் அம்மாவின் கையில் ஊற்றி, "குடி மக்களே" என்றார். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் குடித்தார்.

அப்பா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பக்கவாதத்தில் நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். முதல் வருடம் நாங்கள் வைக்காத நேர்ச்சை இல்லை. இரண்டாவது வருடம் உறவினர்கள் பேச ஆரம்பித்தார்கள். விசுவாசம் போதவில்லை என்றார் ஒருவர். வீட்டில் யாரோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது என்றார் இன்னொருவர். மூன்றாவது வருடம் நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். கோபம் என்று சொல்ல முடியாது, வாய் வரவில்லை. இரவு எட்டு மணிக்கு அம்மா அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து செபமாலை சொல்வார். ஒருவர் முன்பாதி சொல்ல மற்றவர் பின்பாதி சொல்வதுதானே வழக்கம்? அப்பாவால் பேச முடியாது, நான் அடுத்த அறையில் இருந்துவிடுவேன். அம்மா இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொள்வார்.

பாறைக்குப் போகும் முன் பக்கத்திலேயே இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குப் போயிருந்தோம். உள்ளே டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர், பிறகு திருவிதாங்கூர் படையையே பயிற்றுவித்தவர். 1777-இல் இறந்து இங்கேயே அடக்கமானார். மனைவிக்கும் போரில் இறந்த மகனுக்கும் கல்லறை இங்கேயே. கூரை இல்லாத பழைய ஆலயச் சுவர்களுக்கு நடுவே அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளைதான் பின்னாளில் தேவசகாயம். அவர் ஆடுமாடு செத்து, விளைச்சல் போய், மனம் உடைந்திருந்த நாளில் அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர் இந்த டிலனாய். அவரே ஒரு போர்க்கைதி. சொந்த நாட்டை இனிப் பார்ப்போமா என்று தெரியாதவர். வசதியாக இருந்துகொண்டு ஆறுதல் சொன்னவர் இல்லை.

யோபுவின் கதையும் எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. எல்லாம் இழந்தும் ஆண்டவரைப் போற்றினார், கடைசியில் எல்லாம் இரண்டு மடங்காகக் கிடைத்தது என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அப்பா போன பிறகு ஒரு இரவு தூக்கம் வராமல் முழுவதும் படித்தேன். நாற்பத்திரண்டு அதிகாரம். அதில் பெரும்பகுதி வாக்குவாதம். மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். ஏன் என்னை விடமாட்டேன் என்கிறீர் என்று கடவுளிடமே கேட்கிறார். நண்பர்கள்தான் பக்தியாகப் பேசுகிறார்கள், உன் பாவம்தான் காரணம் என்கிறார்கள். முடிவில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மேல். யோபு பேசியதே சரி என்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். அந்தப் படுக்கையறை வாசலில் நின்று நான் மனதுக்குள் கேட்ட கேள்விகளெல்லாம் ஜெபத்தில் சேரும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, பாறைக்கு வருகிறேன். அங்கே நிற்கும்போது மனதில் ஓடியது இதுதான். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்று லாசரஸ் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று ஏற்றவர், 1749-இல் கைதானார். எருக்க மாலை போட்டு எருமைமேல் ஏற்றி ஊர்ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகுப் பொடி தடவினார்கள். அப்படிப்பட்டவர் கையை ஓங்கிப் பாறையில் இடித்தபோது சங்கிலி அறுந்திருக்கலாமே? காவலர்கள் ஓடியிருக்கலாமே? அதெல்லாம் நடக்கவில்லை. கிடைத்தது தண்ணீர். குடித்துவிட்டுச் சங்கிலியோடுதான் மறுபடி நடந்தார்.

நாங்கள் நான்கு வருடம் கேட்டது சங்கிலி அறுவதை. அது நடக்கவில்லை. ஆனால் தண்ணீர் வந்துகொண்டே இருந்திருக்கிறது, நான்தான் அதைத் தண்ணீர் என்று எண்ணவில்லை. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அப்பாவை மாடியிலிருந்து தோளில் தூக்கி இறக்கிய ஆட்டோக்காரர், ஒருநாளும் காத்திருப்புக்குக் காசு வாங்கியதில்லை. ஞாயிறு காலை அம்மா பூசைக்குப் போகட்டும் என்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டிய எதிர்வீட்டு அண்ணன், கோவிலுக்கே போகாதவர். அப்பா இடது கையால் என் சட்டை பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடாமல் சிரித்த ஒரு மதியம். ஒவ்வொன்றும் ஒரு கை அளவுதான். அன்றைக்கு நடக்க அது போதுமானதாக இருந்தது. துன்பம் வந்தால் விசுவாசம் தானாக வளரும் என்று நான் நம்பவில்லை. அது என்னை வறளத்தான் வைத்தது. வறண்ட இடத்தில் வந்த தண்ணீரை அடையாளம் காண எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு நாகர்கோவில், கோட்டாறு சவேரியார் பேராலயம். பீடத்துக்கு முன் புனிதரின் கல்லறை. அம்மா மெழுகுதிரி ஏற்றினார். மதியத்துக்கு மேல் ஆரல்வாய்மொழி போய்ச் சேர்ந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. வழியெங்கும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றாடிமலை என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். 1752 ஜனவரி 14-இல் இங்கேதான் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39. தட்டினால் மணி போல ஒலிக்கும் பாறையைச் சின்னப் பிள்ளைகள் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அப்பா உயிரோடு இருந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்ததை அம்மா முந்தானையால் துடைத்துவிட்டார்.

மலையில் வைத்துத்தான் அம்மா கேட்டார். "ஏம்ப்பா, இவர் சம்சாரம் அப்புறம் என்ன ஆனாங்க?"

பார்கவி அம்மாள். அவரும் திருமுழுக்கு பெற்றுத் தெரேசா, தமிழில் ஞானப்பூ ஆனவர். கணவர் இறந்தபின் வடக்கன்குளத்திலேயே இருந்து அங்கேயே இறந்தார், கல்லறையும் அங்கே இருக்கிறது என்று சொன்னேன். எங்கள் திட்டத்தில் வடக்கன்குளம் இல்லை. அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "போவோம்" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கோட்டாறில் பார்த்த கூட்டம் இங்கே இல்லை. அம்மா கல்லறை ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். நாள் முழுக்க நின்ற கால் வலிக்கும் என்று நாற்காலி தேடப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கல்லை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பையிலிருந்து பாறைத் தண்ணீர் பிடித்த பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பிறகு செபமாலையை எடுத்தார். மணி எட்டு இருக்கும்.

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி முன்பாதியை முடித்துவிட்டு, வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டு பின்பாதிக்குப் போக வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மணிக்கு விரலை நகர்த்தி, முன்பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார்.