45 நாள் கணக்கு

2024 மார்ச் 4, திங்கள்

இரண்டாவது சீட் பெண்ணுக்கு இன்று தண்டனை உத்தரவு வந்துவிட்டது. மத்திய அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் ரூல் 16 சார்ஜ்ஷீட், அதாவது சிறு தண்டனைக்கானது. அடுத்த இன்கிரிமென்ட் (வருடாந்திர சம்பள உயர்வு) ஒரு வருடம் நிறுத்தம். ஒரு பென்ஷன் கோப்பைத் தாமதப்படுத்தினார், அதை மேலே தெரிவிக்கவும் இல்லை என்று இரண்டு குற்றச்சாட்டுகள். கோப்பு கிடந்த நாட்களில் பெரும்பாலும் அவள் அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தாள். பதிலிலும் அதை எழுதியிருக்கிறாள். உத்தரவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை", அவ்வளவுதான்.

"இனிமே என்னக்கா பண்றது?" என்றாள். சீட்டில் நான் மேடம், சாப்பாட்டு நேரத்தில் அக்கா. உத்தரவு கைக்கு வந்த தேதியை முதலில் குறித்து வைக்கச் சொன்னேன். மேல்முறையீட்டுக்கு 45 நாள், அதுவும் கையில் கிடைத்த நாளிலிருந்து. ஏப்ரல் 18-க்குள் போட்டாக வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி

அவள் மாமாவுக்கு எம்.பி. ஆபீஸில் ஆள் தெரியுமாம், ஒரு லெட்டர் வாங்கித் தருகிறாராம். வேண்டவே வேண்டாம் என்றேன். நடத்தை விதிகளில் 20-ஆவது விதியே இதற்குத்தான் இருக்கிறது. சர்வீஸ் விஷயத்துக்கு வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவந்தால் அதற்கே இன்னொரு மெமோ வரும். மத்திய அரசின் ஆன்லைன் புகார் தளமான சிபிகிராம்ஸ் போர்ட்டலில் போடலாமா என்று அடுத்த கேள்வி. துறைக்குள் உள்ள வழிகளை முடிக்காமல் அங்கே போனால் ஊழியர்களின் சர்வீஸ் புகாரை எடுக்க மாட்டார்கள். அது பொதுமக்களுக்கான கதவு.

மார்ச் 12, செவ்வாய்

டிராஃப்ட் கொண்டுவந்தாள். முதல் இரண்டு பக்கம் முழுக்க தண்டனை கொடுத்த அதிகாரி யாரிடம் எப்படிப் பேசுவார், யாருக்குச் சலுகை காட்டுவார் என்பதுதான். எல்லாம் உண்மை, எனக்கே தெரியும். ஆனால் மரியாதைக் குறைவான வாசகம் மேல்முறையீட்டில் கூடாது என்று ஒழுங்கு விதிகளின் 26-ஆவது விதி சொல்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

அதே விதிகளில் 27(2)-ஐ எடுத்து முன்னால் வைத்தேன். மேல்முறையீட்டு அதிகாரி பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். விதிப்படி நடந்தார்களா, எடுத்த முடிவுக்குப் பதிவேட்டில் ஆதாரம் இருக்கிறதா, தண்டனை போதுமானதா, கூடுதலா, குறைவா. ஆமாம், குறைவா என்றும் பார்க்கலாம். நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்டுவிட்டுத் தண்டனையைக் கூட்டவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இதைச் சொல்லாமல் "போட்டுப் பாரு, போனா ஒரு பேப்பர்" என்று தைரியம் கொடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

இவள் விஷயத்தில் முதல் கேள்வியே பலமானது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக முடிவு எழுத வேண்டும் என்று ரூல் 16 சொல்கிறது. இங்கே இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி. அடுத்தது விடுப்பு ஆணையும் வருகைப் பதிவேடும். இந்த இரண்டையும் வைத்தே ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடலாம்.

மார்ச் 20, புதன்

தேர்தல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஆபீஸில் எலெக்‌ஷன் டூட்டி பேச்சுதான். நடுவில் டெஸ்பாட்ச் அண்ணன் வந்து உட்கார்ந்தார். ஜூனியர் ஒருவர் தன்னைத் தாண்டிப் போய்ப் பல வருடம் ஆகிறது, இன்னும் மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். "பெண்டிங்ல இருக்கும்மா" என்கிறார் ஒவ்வொரு தடவையும்.

ஜூனியருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் ஒரு வருடத்துக்குள் கோர்ட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சதாசிவசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவரின் வழக்குதான். திரும்பத் திரும்ப மனு கொடுப்பதால் கெடு நீளாது என்று 1989-ல் எஸ்.எஸ். ரத்தோர் வழக்கிலும் வந்தது. அண்ணனிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். டீயை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 28, வியாழன்

மேல்முறையீடு போய்விட்டது. மேல்முறையீட்டு அதிகாரி பெயருக்கு ஒன்று, தண்டனை கொடுத்தவருக்கு ஒரு நகல். இரண்டுக்கும் தபால் பிரிவில் சீலும் தேதியும் வாங்கிய பிறகுதான் அவளைச் சீட்டுக்கு விட்டேன்.

ஜூலை 31, புதன்

இன்று சம்பளம். அவளுடைய அடிப்படைச் சம்பளம் 27,100 அப்படியே நிற்கிறது, 27,900 ஆகவில்லை. 800 ரூபாயும் அதற்கான 50 சதவீதப் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 1,200 போகிறது. அப்பீல் போட்டால் தண்டனை நின்றுவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தானாக நிற்காது.

மேல்முறையீட்டு அதிகாரி ஆபீஸில் விசாரித்ததில், தண்டனை கொடுத்தவரிடமிருந்து கருத்துரையும் கோப்பும் இன்னும் வரவில்லையாம். யாரும் கேட்காமலே, தாமதமில்லாமல் அனுப்ப வேண்டியவை அவை. கோப்புத் தாமதத்துக்குத்தான் இவளுக்குத் தண்டனை!

செப்டம்பர் 30, திங்கள்

ஆறு மாதம் முடிந்தும் பதில் இல்லை. இனி மத்திய அரசு ஊழியர்களின் சர்வீஸ் வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1985-ஆம் வருடச் சட்டப்படி, ஆறு மாதம் காத்திருந்தும் உத்தரவு வராவிட்டால் துறைக்குள் உள்ள வழியை முடித்ததாகவே கணக்கு. அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் சென்னை பெஞ்சில் மனு போட வேண்டும். கட்டணம் 50 ரூபாய்.

"வக்கீல் இல்லாம நானே பேசலாமாக்கா?" என்று கேட்டாள். சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் சர்வீஸ் கேஸ் பார்க்கும் வக்கீல் ஒருவரின் நம்பரைக் கொடுத்தேன். வரும் சனிக்கிழமை சீல் போட்ட நகல்களோடு போய்ப் பார்க்கிறாள்.