மித்தி ஆற்றின் தலைமாட்டில் ஒரு காடு, கால்மாட்டில் ஒரு காடு

என் அம்மா தாராவியில் நாற்பத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1978இல் திருமணமாகி வந்தவர், பத்துக்குப் பத்து அளவுள்ள ஒரே கோலியில் (மும்பைத் தமிழர்களாகிய நாங்கள் ஒற்றை அறை வீட்டை அப்படித்தான் சொல்வோம்) எங்கள் மூவரையும் வளர்த்து ஆளாக்கினார். அப்பா காலமான பிறகு, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மும்பையின் வடக்குப் புறநகரான போரிவலியில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரம் அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. சந்தின் சத்தம் இல்லாத இரவு அவருக்குப் பழக்கமில்லாதது. விடிவதற்கு முன்பே எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவரை ஒரு நாள் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு நடப்பதற்கு அழைத்துச் சென்றேன்.

வாசலைத் தாண்டிச் சற்று தூரம் நடந்திருப்போம். சாலையோரத்தில் சட்டென்று குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்த அம்மா, "இது தும்பைல்லா? இங்க எப்படி?" என்றார். தும்பைதான். வெள்ளைப் பூ ஒன்றைப் பறித்து, சிறு பிள்ளை போல அதன் அடியில் இருக்கும் தேனை உறிஞ்சப் போனவரிடம், பறிக்கக் கூடாது என்று காவலர் ஒருவர் தணிவாகச் சொன்னார். அம்மா உடனே கையை எடுத்துவிட்டார். ஆனால் வீடு திரும்பும் வரை தன் ஊர் வரப்புகளில் இருந்த செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். குப்பைமேனி, நாயுருவி, ஆவாரை என்று அவர் வாயிலிருந்து வந்த பெயர்களை அதற்கு முன்பு நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று முதல் மழை கொட்டும் நாள்களைத் தவிர மற்றக் காலைகளில் நாங்கள் இருவரும் அங்கே நடக்கிறோம்.

மும்பைக்கும் தாணேவுக்கும் இடையில் சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் இந்தக் காட்டுக்குள் காலையில் வருகிறவர்கள் மிகச் சிறிய பகுதியைத்தான் பார்க்கிறார்கள். வாசலிலிருந்து உள்ளே போகும் தார்ச் சாலை, அதன் இருபுறத்து மரங்கள், ஓடையின் மேல் ஒரு பாலம், அவ்வளவுதான். ஏன் வருகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் நல்ல காற்று, சர்க்கரை நோய், முழங்கால் வலி என்றுதான் முதலில் சொல்வார்கள். ஆண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிற நான் மெல்ல மெல்ல அறிந்துகொண்ட காரணம் வேறு. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளம்பெண் மரத்தடியில் குறிப்பேட்டை விரித்து உட்கார்ந்திருப்பார். வீட்டில் அறை ஒன்று, ஆள் ஆறு பேர் என்று ஒரு நாள் சொன்னார். இரவுக் காவல் வேலை முடித்து வரும் ஒருவர், ஊரிலிருக்கும் மனைவியோடு தொலைபேசியில் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் தங்குமிடம் திரும்புவார். அங்கே எட்டுப் பேர் நடுவில் பேச முடியாது. எங்களுக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் பலசரக்குக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி இறந்த பிறகு வரத் தொடங்கினார். அவர் நடப்பதே குறைவு. ஒரே இடத்தில் உட்கார்ந்து கரிச்சான் குருவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அழுதுகொண்டிருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். யாரும் அருகில் போய்க் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

தனியாக இருப்பதற்கு ஓர் இடம் என்பது மும்பையில் பணக்காரர்களுக்குக்கூட எளிதில் கிடைக்காதது. காற்றைவிட அதுதான் இந்தக் காடு நகரத்து மக்களுக்குத் தரும் பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். ஆனால் எந்தத் திட்ட அறிக்கையிலும் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். மேடைகளில் காட்டை 'நகரத்தின் நுரையீரல்' என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. நுரையீரல் என்று சொல்லும்போதே அது நம் உடம்பின் ஒரு பாகம், நமக்காகவே இயங்குவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

காட்டின் பெரும்பகுதிக்கு நாம் போவதே இல்லை, போகவும் கூடாது. அந்தப் பகுதிதான் நமக்குத் தண்ணீர் தருகிறது. 1860இல் கட்டி முடித்த விஹார் ஏரிதான் இந்த நகரத்துக்குக் குழாய்த் தண்ணீரை முதன்முதலில் கொடுத்தது. 1879இல் துளசி ஏரி வந்தது. இன்றைய தேவையில் இவற்றின் பங்கு சிறிதே என்றாலும் இரண்டும் இன்னும் குடிநீர் தருகின்றன. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறாகி, நகரத்துக்குள் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை ஒட்டிச் சென்று மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. சிறு வயதில் எங்களுக்கு அது ஆறு என்றே தெரியாது. கறுப்பாக ஓடும் நாலா (சாக்கடைக் கால்வாய்) என்றுதான் நினைத்திருந்தோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்த நாலா எங்கள் சந்துக்குள் இடுப்பளவு ஏறி வந்தது. அரிசி டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா இரவு முழுதும் ஏணிப்படியில் நின்றார். அவ்வளவு மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்கியிருக்காது. ஆனால் மேலே காட்டின் மண் உறிஞ்சிக்கொண்டதும், கீழே கரைகளை நெருக்கிக் கட்டிக் குப்பையால் அடைத்த ஆறு திருப்பித் தள்ளியதும் ஒரே தண்ணீரைத்தான். இந்தக் காட்டைப் போரிவலிக்காரர்களின் நடைபாதை என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: தாராவிக்காரர்களுக்கும் இந்தக் காட்டில் பங்கு உண்டு.

காட்டை மதிப்பது என்பதில் அச்சமும் அடங்கியிருக்கிறது. 2004ஆம் ஆண்டில் சிறுத்தைகள் தாக்கிப் பலர் உயிரிழந்தார்கள். அந்த நாள்களில் எல்லாச் சிறுத்தைகளையும் பிடித்துக்கொண்டு போய்விடுங்கள் என்ற குரல்தான் எங்கும் கேட்டது. பிடித்து வேறிடத்தில் விடுவது சிக்கலை இடம் மாற்றுமே தவிரத் தீர்க்காது என்பதை வனத்துறையும் ஆய்வாளர்களும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆண்டுகள் பிடித்தன. 2011இல் தொடங்கிய விழிப்புணர்வு முயற்சி, குப்பையைக் குறைத்தால் தெருநாய்கள் குறையும், நாய்கள் குறைந்தால் அவற்றைத் தேடிச் சிறுத்தை வீட்டோரம் வருவதும் குறையும் என்ற எளிய சங்கிலியைப் பலருக்குப் புரியவைத்தது. 2015இல் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு எண்ணியபோது இங்கே 35 சிறுத்தைகள் இருப்பது தெரிந்தது. எங்கள் குடியிருப்பின் பின்சுவருக்கு வெளியே மலைபோல் குவிந்திருந்த குப்பையை அகற்ற நானும் இன்னும் சிலரும் இரண்டு ஆண்டுகள் அலைந்தோம். சுவரை இன்னும் மூன்றடி உயர்த்திக் கம்பி வேலி போட்டால் போதும் என்பதுதான் பெரும்பாலோர் கருத்தாக இருந்தது. ஒரு விடியற்காலையில் எங்கள் காவலாளி அந்தச் சுவரின் மேல் சிறுத்தை படுத்திருந்ததைக் கண்ட பிறகுதான் குப்பை போனது. இன்று எங்கள் குழந்தைகள் இருட்டிய பின் கூட்டமாக, பேசிக்கொண்டே நடக்கப் பழகியிருக்கிறார்கள். காட்டோரம் வாழ்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் அது.

தேசியப் பூங்காவை ஒட்டியிருக்கும் ஆரே காட்டுப் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2019 அக்டோபர் 4 அன்று மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அன்றிரவே, மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானவர்கள் இருட்டில் அங்கே ஓடிப் போய்த் தடுக்க முயன்றார்கள். பலரைக் காவல்துறை கைது செய்தது. அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,141 மரங்கள் விழுந்துவிட்டிருந்தன. அன்றிரவு நான் போகவில்லை. மறுநாள் அலுவலகம், அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று காரணங்கள் இருந்தன. ஆனாலும் அந்த வருத்தம் இன்றுவரை எனக்குத் தீரவில்லை. அடுத்த ஆண்டு சுமார் 800 ஏக்கரைக் காடாக ஒதுக்குவதாக மாநில அரசு அறிவித்தது. பணிமனை கடைசியில் அங்கேயேதான் எழுந்தது. அந்த இரவில் ஓடிப் போனவர்களில் எனக்குத் தெரிந்த நால்வரும் ஆரேயில் பல ஆண்டுகளாக நடந்தோ சைக்கிள் ஓட்டியோ பறவை பார்த்தோ பழகியவர்கள். காட்டைப் பற்றிப் படித்து மட்டும் தெரிந்துகொண்டவர்கள் (அப்போது நானும் ஆரேயைப் பொறுத்தவரை அப்படித்தான்) வீட்டில் இருந்தபடி கையெழுத்து இயக்கத்தில் சேர்ந்தோம். கால் பழகிய இடத்துக்காகத்தான் மனிதர்கள் நள்ளிரவில் எழுந்து ஓடுகிறார்கள்.

காட்டுக்குள்ளேயே வாழும் வார்லி பழங்குடி மக்களுக்கு இது பூங்கா இல்லை; ஊர். கோடையில் வாசலுக்கு வெளியே களாக்காயை இலைத் தொன்னையில் வைத்து விற்கும் அம்மையார் ஒருவரோடு என் அம்மா அரைகுறை மராத்தியில் நட்பாகிவிட்டார். கார்வி என்ற செடியின் தண்டுகளை வரிசையாகக் கட்டி, அதன்மேல் மண்ணும் சாணமும் பூசித் தங்கள் வீட்டுச் சுவர்களை எழுப்புவார்கள் என்று அவர் சொன்னதும், எங்கள் ஊரில் பனைமட்டையில் கட்டுவோம் என்று அம்மா பதில் சொன்னார். கார்வி நம் குறிஞ்சிக்கு உறவுக்காரச் செடி. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்தால், இது எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2016இல் பூத்ததை நான் தவறவிட்டேன். 2024 மழைக்காலத்தில், அந்த அம்மையார் சொல்லியனுப்பிய ஒரு நாளில், அம்மாவின் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் போய்ப் பார்த்தோம். சரிவு முழுதும் ஊதா நிறம். மழை விட்ட இடைவெளியில் தேனீக்களின் ஓசை, தொலைவில் ரயில் ஓடுவது போலக் கேட்டது. குறிஞ்சியை ஊரில் இருந்தபோது பார்த்ததே இல்லை, அதன் தங்கையையாவது பார்த்துவிட்டேன் என்று அம்மா சொன்னார்.

அன்று திரும்பும் வழியில்தான் தாராவிப் பேருந்துப் பணிமனைக்கு எதிரில் இருக்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவைப் பற்றிக் கேட்டேன். நகரத்தின் குப்பையைக் கொட்டி வந்த 37 ஏக்கர் நிலத்தில் மண் போட்டு, மரம் நட்டு வளர்த்து, 1994இல் திறந்த காடு அது. எங்கள் சந்திலிருந்து நடந்தே போய்விடலாம். என்னைப் பள்ளியிலிருந்து ஒருமுறை வரிசையாக அழைத்துப் போயிருக்கிறார்கள். அம்மா ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. வந்த புதிதில் அங்கே குப்பை மேடும் நாற்றமும் இருந்தது அவருக்கு நினைவிருக்கிறது. பிறகு மதில் எழுந்ததும், மதிலுக்கு மேலே மரங்கள் தெரியத் தொடங்கியதும் நினைவிருக்கிறது. "சர்க்கார் ஆபீஸ்னு நெனச்சேன். நம்மள எதுக்கு உள்ள விடப்போறாங்க?" என்றார். எனக்கு நெஞ்சு கனத்தது. கழிப்பறைக்கு வரிசையில் நின்று, துணி காயவைக்க இடமில்லாமல் சண்டையிட்டு வாழ்ந்த பெண்களுக்கு, சாலையைக் கடந்தால் நிழலும் அமைதியும் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பள்ளி அழைத்துப் போகிறது. தாய்மார்களை அழைத்துப் போக யாருமில்லை. உள்ளே போகச் சீட்டு வாங்க வேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதெல்லாம் காட்டின் நன்மைக்குத் தேவைதான். ஆனால் சுற்றிலும் வாழ்கிறவர்களுக்கு, அவர்கள் மொழியில், தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும், "வாருங்கள்" என்று ஒரு பலகை வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

சென்ற மாதம் அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். பழைய பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அவருடைய பேரனும் உடன் வந்தார்கள். மரங்களின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்ததும் பெரியம்மா முதலில் கேட்டது, "இங்க படுக்கலாமா?" என்றுதான். பின்புறம், மித்தியின் கரையில் அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கும் இடத்தில், ஆற்றின் நாற்றம் இன்னும் மூக்கைத் துளைத்தது. இந்தத் தண்ணீர் நம் போரிவலிக் காட்டுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, விஹார் ஏரியிலிருந்து விரலால் கோடு இழுத்துக்கொண்டே வந்து காட்டியபோது, பெரியம்மாவின் பேரன் அதை வாங்கி மறுபடியும் கீழிருந்து மேலாக ஏரிவரைக்கும் இழுத்துப் பார்த்தான்.

தீபாவளி விடுமுறையில் சந்திலிருந்து ஏழு பிள்ளைகளையும் நான்கு தாய்மார்களையும் முதலில் இந்த இயற்கைப் பூங்காவுக்கும், மறுநாள் போரிவலிக்கும் அழைத்துப் போக அம்மா ஏற்பாடு செய்திருக்கிறார். தும்பையைப் பறிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவைக்கும்படி பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் நேற்று இரண்டு முறை நினைவூட்டினார்.