பத்தாயத்தில் கிடந்த கொல்லம் ஆண்டுகள்

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் குடும்ப வீட்டு ஓடுகளைப் பறித்துக்கொண்டு போனது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கம் அன்று ரப்பரும் வாழையும் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஓடு பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அறைப்புரையில் இருந்த, நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது. நெல் போட்டு முப்பது வருடம் ஆகியிருக்கும், உள்ளே இருந்தது முழுக்கக் காகிதம். பாட்டாவும் (தாத்தா) அவருக்கு முந்தியவர்களும் சேர்த்து வைத்த பிரமாணங்கள் (நிலப் பத்திரங்கள்), ஒற்றிச் சீட்டுகள் (அடமானச் சீட்டுகள்), பாட்டக் கணக்குகள் (குத்தகைக் கணக்குகள்), சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் பத்திரத் தாள்கள், கூடவே பனையோலைக் கட்டு நான்கு.

ஈரத் தாளை வெயிலில் போடக்கூடாது, நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும் என்று ஒரு நண்பர் போனில் சொன்னார். இரண்டு வாரம் கரண்டும் சரியாக இல்லாத வீட்டில் கயிறு கட்டி, பழைய வேட்டி விரித்து உலர்த்தினோம். இதற்கிடையே, பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் ஒருவர் மூன்று பிரமாணங்களை எடுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் லேமினேட் செய்துவிட்டார். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. அந்த மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனது கனக்கிறது. உங்கள் வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்.

முதலில் நான் செய்ததும் தவறுதான். போனில் இருக்கும் ஸ்கேனர் செயலியில் எண்பது தாள்களை மளமளவென்று எடுத்தேன். அது ஓரத்தை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, பார்க்கப் பளிச்சென்று கொடுத்தது. பிறகு உட்கார்ந்து ஒப்பிட்டால் ஓரத்தில் பாட்டா பென்சிலால் எழுதிய குறிப்பு இல்லை, முத்திரையின் நிறம் இல்லை, தாளின் பின்பக்கம் எடுக்கவே இல்லை. பின்பக்கத்தில்தான் கடன் அடைந்த விவரம் இருக்கும். எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். இந்த முறை கேமராவை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, கீழே கறுப்புத் துணி, இரண்டு பக்கமும் விளக்கு, அளவு தெரிய ஓர் அடிக்கோல். ஓலைக்கு மட்டும் விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்தேன், எழுத்தாணி கீறிய பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து தெரியும். முன்காலத்தில் விளக்குக் கரியைத் தடவி எழுத்தைத் தெளிய வைப்பார்கள். பழக்கம் இல்லாத கையால் அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. ஏ4 அளவுத் தாள் ஒன்றை 300 டி.பி.ஐ.யில் வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 26 எம்பி வரும். அதை மூலமாக வைத்துக்கொண்டு, வாட்ஸப்பில் அனுப்பவும் போனில் பார்க்கவும் சின்ன ஜேபெக் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இதுவரை சொன்னது கருவி வேலை, யாரும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். படம் எடுத்து முடித்தபோது பத்தாயம் இருந்த இடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது, அவ்வளவுதான். அதில் எதையும் யாராலும் தேடி எடுக்க முடியாது. ஐ.எம்.ஜி. என்று ஆரம்பித்து எண்ணில் முடியும் அறுநூறு கோப்புகள். அச்சு எழுத்தென்றால் டெசராக்ட் போன்ற மென்பொருள் தமிழைப் படித்துவிடுகிறது. இந்தக் கையெழுத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. ஒரே வரியில் தமிழும் மலையாளச் சொல்லும் கலந்து, எண்கள் எல்லாம் தமிழ் எண்ணாக, பின்னங்கள் மா, காணி என்று, தொகை சக்கரத்திலும் பணத்திலும். 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், இது தெரியாமல் அந்தக் கணக்கைக் கூட்டவே முடியாது.

வருடமே ஒரு பொறி. திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு இங்கே ஆவணியில் பிறக்கிறது. அதனால் 1079 ஆவணி என்றால் 1903, அதே 1079 மாசி என்றால் 1904. 825ஐக் கூட்டினால் போதும் என்று நினைத்து நான் போட்ட முதல் பட்டியலில், ஆண்டின் முதல் நான்கு மாதத்துப் பத்திரங்கள் எல்லாம் ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தன. இப்போது பட்டியலில் இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன், ஒன்றில் தாளில் உள்ளபடி கொல்லம் ஆண்டும் மாதமும், இன்னொன்றில் நான் கணக்கிட்ட ஆங்கில ஆண்டு. தாளில் இருப்பதையும் நாம் கணக்கிட்டதையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது.

படித்துச் சொன்னது அத்தை. அப்பாவின் அக்கா, திருவிதாங்கூர் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர், இரண்டு எழுத்தும் கைவசம். நான் 'குளம்' என்று எழுதி வைத்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இது குளம் இல்ல மக்களே, குளத்துக்க மறுகால்" என்றார். மறுகால் என்றால் குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. எல்லை வழக்கு ஒன்றையே புரட்டிப்போடக்கூடிய வித்தியாசம் அது. அன்றிலிருந்து அவர் வாசிக்க வாசிக்க போனில் குரலையும் பதிவு செய்து, அந்தப் படத்தோடு சேர்த்தே வைக்கிறேன்.

தேடுகிறவர்கள் என்ன சொல்லித் தேடுவார்கள் என்பதும் அத்தை சொல்லித்தான் புரிந்தது. எங்கள் ஊரில் ஆளைத் தெரிவது வீட்டுப்பேரால், நிலத்தைத் தெரிவது விளைப்பேரால். சர்வே எண்ணைச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். நூலகக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற முறையில் தலைப்பு, ஆக்கியோன், தேதி என்று 15 கூறுகள் உண்டு, அவற்றில் வீட்டுப்பேருக்கென்று ஒன்று கிடையாது. நான் சேர்த்துக்கொண்டேன். ஒரே பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாகவும் எழுதி வைக்கிறேன். குழித்துறையின் ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட் எச் போடுவார். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் இருந்து தேடுகிறவர் மலையாளத்தில்தானே தட்டுவார்?

எல்லைக்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு, வந்தன. அதற்கு முந்திய அரசாங்கம் இருந்தது திருவனந்தபுரத்தில். நம் ஊரைப் பற்றிய பழைய காகிதம் எல்லாம் நம் ஊரில் இருக்கும் என்று நம்ப முடியாது. தக்கலைக்குப் பக்கத்தில் நிற்கிற பத்மநாபபுரம் அரண்மனையையே இன்றும் பராமரிப்பது கேரள அரசுதான். அதனால் வீடுகளில் தப்பிக் கிடப்பவை விலைமதிப்பில்லாதவை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படியெடுத்து வைத்ததும், ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்ததும் இல்லையென்றால் நாஞ்சில் நாட்டு வரலாற்றில் எவ்வளவு விட்டுப்போயிருக்கும்! கேரளப் பக்கம் கிரந்தப்புர என்ற இணையத் திட்டத்து நண்பர்கள் பழைய மலையாள அச்சுப் புத்தகங்களை எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் ஆர்கைவ்.ஆர்க் என்ற இணைய நூலகத்தின் பக்கம் போனேன்.

ஆனால் ஒரே இடத்தை நம்ப மாட்டேன். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் இணையத் தாக்குதல் நடந்து, அதன் பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. என்னிடம் மூன்று படி இருக்கிறது. அதில் ஒன்று மதுரையில் தங்கை வீட்டில்.

கொல்லம் 1132 ஆவணிக்குப் பிந்தையவற்றை, அதாவது 1956 ஆவணிக்குப் பிறகு எழுதியவற்றை, நான் பொதுவில் போடவில்லை. கடன் வாங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களாகக் கேட்டு வந்தால் வீட்டில் வைத்துக் காட்டுகிறேன்.

போன மாதம் பாறசாலையில் இருந்து ஒருவர் ஒரு விளைப்பேரைத் தட்டித் தேடி, 1084ஆம் ஆண்டு ஒற்றிச் சீட்டில் அவருடைய அம்மாவனின் அம்மாவன் (தாய்மாமனின் தாய்மாமன்) போட்ட கையெழுத்தைக் கண்டுபிடித்தார். தாளை நேரில் பார்க்க வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். வரச் சொல்லியிருக்கிறேன், அத்தையும் இருப்பார். ஓலைக்கட்டில் இன்னும் இரண்டு பிரிக்காமல் இருக்கிறது.